விறகடுப்பும் வீட்டுத் தூசியும்

கேள்வி: விறகடுப்பு உள்ள வீட்டில் எத்தனை முறை பெருக்கினாலும் தூசி மீண்டும் படிவது ஏன்?

பதில்: பெருக்குவதும் அதற்கு ஒரு காரணம், உலர்ந்த துடைப்பம் பட்டதும் மேலெழும் மென்சாம்பல், பெருக்கியவர் ஓய்வெடுக்கும் நேரத்தில் அலமாரியில் குடியேறிவிடுகிறது. அடுப்பிலிருந்து வருபவை இரண்டு: விறகின் தாதுப்பொருள்கள் எரியாமல் எஞ்சுவது சாம்பல், விறகு முழுமையாக எரியாதபோது புகையோடு எழுந்து கூரையைக் கருக்கும் நுண்கரித்துகள் புகைக்கரி. சாம்பலை, அடுப்பு ஆறியபின் சிறிது நீர் தெளித்து மெதுவாக வாரி, மூடியுள்ள உலோகப் பாத்திரத்தில் இட்டு, தரையை ஈரத்துணியால் துடைத்தால் போதும். கனல் ஒரு நாளுக்கு மேலும் உள்ளே உயிரோடிருக்கக்கூடும் என்பதால் பிளாஸ்டிக் வாளி ஆகாது. புகைக்கரிக்கோ துணி மட்டும் போதாது. ஈர விறகு, நீரை ஆவியாக்குவதிலேயே வெப்பத்தைச் செலவழித்து மங்கி எரிந்து புகையைப் பெருக்குவதால், பிளந்து, ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்குக் கீழே வரும்வரை காயவைத்த விறகே வேண்டும். இதில் அலட்சியம் கூடவே கூடாது, 2.5 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் 400இல் ஒரு பங்கு, அளவுக்கு உட்பட்ட துகள்கள் அலமாரியில் படியக் காத்திராமல், சமைப்பவரின் நுரையீரலின் ஆழம்வரை சென்றுவிடுகின்றன. அப்புகையை வெளியேற்றும் புகைபோக்கியிலும் கரி படிந்து வழியை அடைக்கும் என்பதால், அதையும் அவ்வப்போது சுரண்டித் துப்புரவாக்க வேண்டும்.