உதைத்துக் கிளப்புதல்: மதுரைச் சமவெளியில் பழைய மோட்டார் சைக்கிள்களும் சூழ்ந்து நிற்போரும்

பழைய மோட்டார் சைக்கிள்களைப் பற்றி எழுதுவோர் இன்ஜினைப் பற்றி எழுதுகிறார்கள். ரசனை மிக்க சிலர் பெட்ரோல் டேங்கின் மேல் கையால் இழுத்த பொன்னிறக் கோட்டைப் பற்றி எழுதுகிறார்கள். வண்டி கிளம்பாதபோது அதைச் சுற்றி நிற்கும் மக்களைப் பற்றி எழுதுவாரைக் காணோம். பழைய வண்டி வைத்திருப்பவர் தம் வாழ்நாளில் கணிசமான பகுதியை அந்த மக்களுக்கு நடுவேதான் கழிக்கிறார் என்பதால் இது சிறிய குறை அன்று.

இக்கட்டுரையின் துணிபு ஒன்றே. பழைய வண்டி கிக்கரை உதைப்பதால் கிளம்புவதில்லை; சுற்றி நிற்பவர்களிடம் யோசனை தீரும்போது கிளம்புகிறது.

ஆய்வுக் களம் வடகிழக்கே மேலூர், மேற்கே உசிலம்பட்டி, தென்மேற்கே திருமங்கலம், கிழக்கே சிலைமான் ஆகிய எல்லைகளுக்கு உட்பட்டது. உதைப்பதைத் தவிர வேறு வழியில்லாத வண்டிகளே ஆய்வுப் பொருள். அலங்காநல்லூரிலும் பாலமேட்டிலும் மாடுபிடி வீரர்களுக்குப் பரிசாகத் தரப்படும் பைக்குகளைச் சேர்க்கவில்லை. அவை சுவிட்சைத் தொட்டதும் கிளம்பிவிடுகின்றன. காலையிலிருந்து காளைகளோடு மல்லுக்கட்டியவனுக்கு இதற்கு மேலும் ஒன்றை அடக்கும் வேலை வேண்டாம் என்று விழாக் குழுவினர் கருதியிருக்கலாம்.

முதலில் புல்லட். மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் 1955-இல் கைகோத்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. 1967-இல் ரெட்டிச் ஆலை மூடப்பட்டது. சில ஆண்டுகளில் இங்கிலாந்தில் உற்பத்தியே நின்றுபோனது. பிறந்த வீட்டில் அடுப்பு அணைந்த பிறகும் புகுந்த வீட்டில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. 1977 முதல் அந்தப் பிறந்த வீட்டுக்கே இங்கிருந்து வண்டிகள் ஏற்றுமதியாயின.

அந்த 350 புல்லட்டின் ஒற்றை சிலிண்டர் 346 சி.சி. துளை 70 மி.மீ., ஸ்ட்ரோக் 90 மி.மீ. அகலத்தைவிட நீளம் அதிகம் என்பதால் பிஸ்டன் நெடுந்தூரம் ஏறி இறங்க வேண்டும். அதோடு கனமான ஃப்ளைவீலையும் உதைப்பவர் கால்தான் சுழற்றியாக வேண்டும். ஆகவே இதில் பலத்தைவிட முறை முக்கியம். கிக்கரை மெல்ல அழுத்த வேண்டும். ஹெட்லைட்டுக்கு மேலே உள்ள ஆம்மீட்டர் முள் இடப்பக்கம் சாய்ந்து, பாயிண்ட் திறந்ததும் நடுவுக்குத் திரும்பும். அந்த இடத்தில் நிறுத்தி, டீகம்ப்ரஷர் நெம்பைப் பிடித்தால் அடைபட்ட காற்று ‘புஸ்’ என்று வெளியேறும். பிஸ்டனை உச்சிக்குச் சற்று அப்பால் தள்ளி, நெம்பை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, ஒரே உதை. முறை தவறினால் பிஸ்டன் உச்சியைத் தாண்டும் முன்பே தீப்பொறி விழும். வெடிப்பு அதை வந்த வழியே திருப்பி அனுப்பும். கிக்கர் காலைத் திருப்பி அடிக்கும். புல்லட்காரர்கள் சிலரின் நடையில் தெரியும் கம்பீரத்துக்கு வம்சப் பெருமையைக் காரணம் காட்டுவது வழக்கம். இந்தத் திருப்பி அடியையும் கணக்கில் கொள்ளலாம் என்பது நம் கருத்து.

இத்தனையும் செய்ய ஓர் அமைதி வேண்டும். மதுரைத் தெரு எதையும் தரும், அதைத் தராது.

மூன்றாவது உதைக்குள் முதல் ஆள் வந்துவிடுவார். அவர் பெட்ரோல் மரபைச் சேர்ந்தவர். “அண்ணே, பெட்ரோலத் தொறந்தீங்களா?” திறந்திருக்கிறது என்று சொன்னாலும் குனிந்து தாமே ஒருமுறை மூடித் திறந்து பார்ப்பார். பிறகு டேங்கை ஆட்டி, காதை வைத்துக் கேட்பார். இம்மரபினர் கையில் வேறு கருவி எதுவும் கிடையாது. இருந்தும் தொன்மையில் இவர்களுக்கே முதலிடம்.

அடுத்து வருவது பிளக் மரபு. இது தொழில்நுட்பம் அறிந்த மரபு. பிளக்கைக் கழற்றி, வெளிச்சத்தில் பிடித்து, மூக்கருகே கொண்டுபோய், “கரி அடைச்சிருக்கு மாப்ள” என்று அறிவிக்கும். உப்புத்தாள் கேட்கும். இம்மரபின் பொற்காலம் டூ-ஸ்ட்ரோக் வண்டிகளின் காலம்: மைசூரில் 1961-இல் வரத் தொடங்கிய ஜாவா, 1970-களில் அதற்கு வாய்த்த மறுபெயரான யெஸ்டி, போலந்து நாட்டு வண்டி ஒன்றின் வழிவந்த ராஜ்தூத். பெட்ரோலோடு ஆயிலையும் கலந்து குடிக்கும் இன்ஜினில் பிளக் கரி பிடிப்பதற்குச் சொல்லவா வேண்டும்? மைசூர் ஆலை 1996-இல் மூடப்பட்டது. பிளக் மரபினர் அதை இன்னும் துக்கத்தோடு நினைவுகூர்கிறார்கள்.

ஜாவாவைப் பற்றி இங்கே சற்று நிற்க வேண்டும். அதில் கியர் லீவரும் கிக்கரும் ஒன்றே. இடப்பக்கம் உள்ள கியர் லீவரை ஓர் அழுத்து அழுத்தித் திருப்பி நிமிர்த்தினால் அதுவே கிக்கர். கிளம்பியதும் மடக்கிவிட்டால் மறுபடி கியர். செக்கோஸ்லோவாகியப் பொறியாளர்களின் இந்தச் சிக்கனம் நம் தெருவோரக் கல்விக்குப் பேருதவி செய்திருக்கிறது. புல்லட்டை மட்டும் அறிந்த யோசனையாளர் ஜாவாவை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, வலப்பக்கம் எதுவும் இல்லாததைக் கண்டு, இரக்கத்தோடு கேட்பார்: “கிக்கர் எங்கிட்டோ கழண்டு விழுந்துருச்சுபோல, வந்த வழியிலயே போய்த் தேடுங்கண்ணே.”

மூன்றாவது மரபு யோசனை சொல்லாது, வரலாறு சொல்லும். “எங்க சித்தப்பா இதே வண்டிதான் வச்சிருந்தாரு.” சித்தப்பா அதில் யாரைப் பெண் பார்க்கப் போனார், எந்த மழையில் வைகையைக் கடந்தார், கடைசியில் ஏன் விற்றார் என்பது வரை விரியும். முடிவில் குரல் தாழும். “குடுக்குற மாதிரி இருந்தா சொல்லுங்க.” பொருளியல் மாணவர்கள் இந்தக் கணத்தைக் கவனிக்க வேண்டும். ஓடும் வண்டிக்கு எவரும் விலை கேட்பதில்லை. உரிமையாளர் வியர்த்து நிற்கையில்தான் கேட்கிறார்கள்.

நான்காவது, தள்ளும் மரபு. இதில் நில இயலும் சேர்கிறது. கொடைக்கானல்காரருக்கு எங்கு நின்றாலும் சரிவு உண்டு. மதுரைச் சமவெளிக்காரருக்குச் சரிவு என்பது கண்மாய்க்கரை, அல்லது தெற்குவாசல் மேம்பாலம். இரண்டும் வண்டி நின்ற இடத்தில் இருப்பதில்லை. ஆகவே மனித ஆற்றலே கதி. நால்வர் தள்ள, இளைஞர் ஒருவர், “நீங்க தள்ளுங்கண்ணே, நான் ஏறிக்கிறேன்” என்று முன்வருவார். அவர் பிறந்த காலத்து வண்டிகளில் கியர் இடக்காலில், பிரேக் வலக்காலில். பழைய புல்லட்டிலோ கியர் வலக்காலில், பிரேக் இடக்காலில். வேகம் கூடும் சரியான தருணத்தில் அவர் கியர் என்று நம்பி இடக்காலை மிதிப்பார். நால்வரின் உழைப்பும் அவ்விடத்தில் நின்றுவிடும். இதற்குப் பிறகு பெரும்பாலும் யோசனை மிச்சமிருப்பதில்லை. வண்டி கிளம்பும்.

தடை ஒன்று எழும். யாருமில்லாத விடியற்காலையில், வீட்டு வாசலில், இதே வண்டி ஒரே உதையில் கிளம்புகிறதே? கிளம்பும். அங்கே யோசனை தொடக்கத்திலேயே தீர்ந்திருக்கிறது. மாமனார் திண்ணையில் உட்கார்ந்து பார்க்கும்போது அதே வண்டி கிளம்பாததும் இவ்விதிக்கு உட்பட்டதே. அவர் வாய் திறக்காவிட்டாலும் அவருக்குள் யோசனை இருக்கிறது.

மெக்கானிக்குகள் எழுப்பும் தடை கனமானது. சோக்கை இழுத்துவிட்டு விடாமல் உதைத்தால் சிலிண்டருக்குள் பெட்ரோல் மிகுந்து பிளக் நனைந்துவிடும். நனைந்த பிளக்கில் பொறி விழாது. சும்மா விட்டால் பெட்ரோல் ஆவியாகி, பிறகு தானே கிளம்பும். எனவே யோசனைக்கும் இதற்கும் தொடர்பில்லை என்பர். நாம் கேட்பது இதுதான்: உரிமையாளரைச் சும்மா இருக்க வைப்பவர் யார்? தனித்து விட்டால் அவர் மூச்சு வாங்க உதைத்துக்கொண்டே இருப்பார். சித்தப்பாவின் கதையைக் கேட்கும் நேரத்தில்தான் அவர் கால் ஓய்கிறது, பிளக் காய்கிறது. மெக்கானிக்குகள் நம் துணிபை மறுக்க வந்து நிறுவிவிட்டுப் போகிறார்கள்.

எதிர்மறைச் சான்றும் இவ்வூரிலேயே கிடைக்கிறது. மதுரையில் 1911-இல் தொடங்கிய டி.வி.எஸ். குழுமத்திலிருந்து 1980-இல் டி.வி.எஸ். 50 வந்தது. அதைப் பெடல் மிதித்துக் கிளப்ப வேண்டும். கிளம்பாவிட்டால் அப்படியே மிதித்துக்கொண்டு வீடு போய்ச் சேரலாம். நிற்காத வண்டியைச் சுற்றி யார் நிற்க முடியும்? ஆகவே அதற்கு மரபுகள் தோன்றவில்லை. 1985-இல் வந்த யமஹா ஆர்.எக்ஸ். 100-க்குக் கூட்டம் உண்டு. அது கிளம்பிய பிறகு சத்தம் கேட்கக் கூடும் கூட்டம். அது இசைத்துறையினர் பொறுப்பு.

வண்டியைப் புதுப்பித்தால் இத்தொல்லை குறையும் என்று சிலர் நம்புகிறார்கள். ஞாயிறு தோறும் திலகர் திடல் சந்தையில் பழைய இரும்புக் குவியலைக் கிளறி, டிங்கரிங் பார்த்து, குரோம் ஏற்றி, ஆம்மீட்டர் வரை பழையபடி பொருத்துகிறார்கள். வண்டி பளபளத்ததும், முன்பு கண்டுகொள்ளாமல் போனவர்களும் நிற்கத் தொடங்குகிறார்கள். “சீட்டு ஒரிஜினலா?” என்ற புதிய மரபு பிறக்கிறது. ஒரிஜினல் என்றாலும் நம்ப மாட்டார்கள்.

2021-இல் மத்திய அரசு பழம்பெரும் வண்டிகளுக்குத் தனி விதி வகுத்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்து, பெரிய மாற்றம் செய்யப்படாத வண்டியாக இருக்க வேண்டும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய். எண் பலகையில் வி.ஏ. என்ற எழுத்துகள், பதிவு 10 ஆண்டுக்குச் செல்லும். காட்சிக்கும் பேரணிக்கும் பெட்ரோல் போடவும் பழுது பார்க்கவும் சாலையில் வரலாம், வணிகத்துக்கு ஓட்டக்கூடாது. ஆக, மேலூர்ப் பக்கம் இன்றும் பால் கேன் சுமக்கும் ஒரு கிழட்டுப் புல்லட் அந்தப் பட்டத்துக்கு ஆகாது. அதன் குற்றம் அது இன்னும் உழைப்பது. அது வழக்கமான பதிவை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டு பெருமை இல்லாமல் போய்வர வேண்டியதுதான். விதியை வகுத்தவர்கள் ஆண்டைக் கணக்கிட்டார்கள். எத்தனை பேர் கூடுகிறார்கள் என்பதைக் கணக்கிட்டிருந்தால் நியாயமாக இருந்திருக்கும்.

கோரிப்பாளையம் சிக்னலில் பச்சை விழும்போது அணைந்துபோகும் வண்டியை இக்கட்டுரை தொடவில்லை. அங்கும் யோசனை குறைவின்றி வருகிறது. ஆனால் முழுவதும் ஹாரனில் வருகிறது. பஸ் ஹாரன் பெட்ரோல் மரபைச் சேர்ந்ததா பிளக் மரபைச் சேர்ந்ததா என்று பிரித்தறிய, அந்த இடத்தில் உதைத்துக்கொண்டே குறிப்பெடுக்கவும் வல்ல ஓர் ஆய்வாளர் தேவைப்படுகிறார்.