ரூட்டருக்கு வேப்பிலை அடிச்சது போதும்லே

ஏலே, காலையிலேருந்து எத்தன மட்டம் மொட்டமாடிக்கும் திண்ணைக்குமா ஏறி எறங்குத? கொடைக்குக்கூட நம்ம கோமரத்தாடி இந்த ஆட்டம் ஆடல. அந்த ரூட்டரு டப்பாவ நாலு தடவ அமத்தி அமத்திப் போட்டாச்சு. பேய் புடிச்ச புள்ளைக்கு வேப்பில, பொட்டிக்கு சுவிச்சு. நல்ல வைத்தியம். இப்பம் சேஃப்டி பின்ன எடுத்துக்கிட்டு முதுகுல இருக்க ஓட்டையக் குத்தப் போறியே, குத்தினா என்ன ஆவும்னு தெரியுமா? லைன்காரன் எழுதி வச்ச யூசர் நேமு, பாஸ்வேர்டு அம்புட்டும் அழிஞ்சு போவும். அப்பொறம் ஒனக்கு ஆபீஸுக்குப் போற வி.பி.என். இல்ல, ஒங்க ஆச்சிக்கு சீரியலும் இல்ல. மேனேஜர சமாளிச்சிரலாம். ஆச்சிய?

பின்ன அந்தானைக்கு மாடத்துல வச்சிட்டு ஒக்காரு. எனக்கு என்ன தெரியும், நான் பழைய கம்பிக்காரன், போன் ஆபீஸ்ல கம்பம் ஏறிப் பொழச்சவன். ஆனா ஊருக்கு ஃபைபர் இழுக்க வந்த பய ஒரு வாரம் இந்தத் திண்ணையிலதான் படுத்தான். நான் சோறு போட்டேன், அவன் வித்தையக் கொட்டினான். மிச்சம் ஒங்க அக்கா குடுத்த சீதனம். பெங்களூர்லேருந்து லீவுக்கு வந்தவ, ராத்திரிப் பூரா போன்ல ஆபீஸ் பயலுவள ஏசிக்கிட்டே கெடந்தா. தாத்தாவுக்குக் காது கேக்காதுன்னு நெனச்சித்தான் எல்லாரும் எம் பக்கத்துல வந்து பேசுதீங்க.

ஒரு வீட்டுல போன் ஊமையாயிட்டுன்னா நாங்க எடுத்த ஒடன கம்பத்துல ஏற மாட்டோம். வாசல் பொட்டியில வீட்டு வயரக் கழட்டிட்டு எங்க போன மாட்டிக் கேப்போம். சத்தம் வந்தா கோளாறு வீட்டுக்குள்ள. வரலியா, தெருவுல. அப்பிடியே பாதி பாதியா வெட்டிக்கிட்டே போவணும். ஒன் செல்போன்ல ஹாட்ஸ்பாட்டுன்னு ஒண்ணு இருக்குல்லா, அதுல லேப்டாப்ப மாட்டிப் பாத்தியா? பாக்கல. அதுல எல்லாம் சரியா வந்தா, சந்தேகம் நம்ம வீட்டுப் பொட்டி மேல. அதுலயும் வம்பு பண்ணினா, ஒன் லேப்டாப்பு மேலயும் ஆபீஸ் வாசல் மேலயும். ரெண்டு நிமிசத்து சோலி. அத விட்டுட்டு மாடிக்கு ஏறுத.

நேத்து ராத்திரி அந்த வி.பி.என். ஒரு நம்பர் காட்டிச்சுல்லா, 691ன்னு? அதையாவது வாசிச்சியா? 691ன்னா பேரோ பாஸ்வேர்டோ தப்புன்னு அர்த்தம். நீ வாசல் வர போய்ச் சேந்துட்ட, காவக்காரன் மூஞ்சியப் பாத்துட்டுத் தொரத்துதான். அதுக்குப் போயி ரூட்டர அமத்தினது, பந்தியில எடமில்லன்னதும் வந்த பஸ்ஸ ஒதச்ச கத. 809ன்னு வந்தாத்தான் அந்தப் பக்கத்துலேருந்து சத்தமே இல்ல, நடுவுல எவனோ மறிக்கான்னு யோசிக்கணும்.

அப்பொறம் ஆபீஸ் பயகிட்ட என்னமோ சொன்னியே, ஒங்க ஃபயர்வால்தான் மறிக்கு, கழட்டி வையுங்கன்னு? ஆடு நொழையலன்னு வேலியப் புடுங்கச் சொல்லுத. எந்தச் சந்துல போவணும்னு கேட்டு, அந்தச் சந்த மட்டும் விடச் சொல்லணும்லே. ஒன் வி.பி.என். ஐபிசெக்குன்னா யு.டி.பி. போர்ட் 500, 4500. ஓப்பன்விபிஎன்னா வழக்கமா யு.டி.பி. 1194. வயர்கார்டா, 51820.

இந்த ஐபிசெக்குல ஒரு வேடிக்க உண்டு. அதுல சரக்கு ஏத்திக்கிட்டு வாறது இ.எஸ்.பி.ன்னு ஒண்ணு, அதுக்கு நம்பர் 50. பழைய பி.பி.டி.பி.யில அந்த வேலையப் பாக்கது ஜி.ஆர்.இ., அதுக்கு 47. ஒங்க அக்கா ஆபீஸ்ல புதுசா சேந்த பய ஒருத்தன் 47, 50ன்னு ரெண்டு போர்ட்டத் தொறந்து வச்சிட்டு ரெண்டு நாளா முழிச்சானாம். அது போர்ட் நம்பரே இல்லலே, வண்டி வகைக்குப் போட்ட நம்பர். டி.சி.பி.க்கு 6, யு.டி.பி.க்கு 17ன்னு இருக்கே, அந்த வரிச. டிராக்டர் வருது, வழி விடுன்னா, இவன் 50ஆம் நம்பர் வீட்டுக் கதவத் தொறந்து வச்சிட்டு நின்னிருக்கான். அக்கா ஏசாம என்ன செய்வா?

இந்த இ.எஸ்.பி.க்குப் போர்ட்டே கெடையாது. நம்ம ரூட்டருக்கோ போர்ட்டுதான் உசுரு. வீட்டுக்குள்ள பத்து சாமான் இருந்தாலும் வெளிய ஒத்த முகவரிதான, திரும்பி வாறது யாருக்குன்னு போர்ட்ட வச்சித்தான் அது பிரிச்சுக் குடுக்கும். போர்ட் இல்லாத மூட்ட வந்தா தலையச் சொறியும். அதுக்காவத்தான் 2005ல ஒரு முறை எழுதி வச்சாங்க. இ.எஸ்.பி. மூட்டைய யு.டி.பி. சாக்குக்குள்ள திணிச்சு, மேல 4500ன்னு எழுதி அனுப்புன்னு. உள்ள உளுந்தா பருத்தியான்னு ரூட்டருக்கு எதுக்கு?

நம்ம ரூட்டர்லயும் நீ போர்ட் ஃபார்வேர்டிங் போட்டு வச்சிருக்க, பாத்தேன். விருந்துக்குப் போறவன் தன் வீட்டுக் கதவையா தொறந்து போட்டுட்டுப் போவான்? அது விருந்து வைக்கவன் செய்ய வேண்டியது. மொத வேலையா அத அழி.

சரி, இப்பம் என்ன காட்டுது? என்னது, கனெக்டடா? எப்பத்துலேருந்து? காலையிலேருந்தேவா! அடப் பாவி மவனே, அரை மணி நேரமா என்னயக் கத்த விட்டுட்டு, சொவரத் தாண்டி உள்ளாற போயித்தான் ஒக்காந்திருக்கியா? ஃபைலு மட்டுந்தான் தொறக்கலியா?

அப்பம் சொவருக்கும் இதுக்கும் சம்மந்தம் இல்ல. ஐபிகான்ஃபிக்னு அடி. நம்ம வீட்டு வைஃபைக்கு நேரா என்ன இருக்கு? 192.168.1.7. ஆபீஸ்ல ஃபைல் இருக்க பொட்டிக்கு? 192.168.1.20.

இன்னும் வெளங்கல? நம்ம ஜில்லாவுல எத்தன புதூர் இருக்கு? வெறும் புதூர்னு எழுதிக் கடுதாசி போட்டா போஸ்ட்மேன் கிட்டக்க இருக்க புதூர்லதான் கொண்டு போடுவான். ஒன் லேப்டாப்பு 192.168.1ன்னு கண்டதும், இது நம்ம வீட்டு ஆளுல்லான்னு நெனச்சிக்கிட்டு, 20 யாரு, 20 யாருன்னு அடுப்பங்கரைக்கும் தொழுவத்துக்கும் கூவிக்கிட்டு நிக்கி. நீ தோண்டின சுரங்கத்த எட்டிக்கூடப் பாக்கல. வீட்டுக்குள்ள பொழங்கன்னே 1996ல மூணு வகை நம்பர ஒதுக்கி எழுதி வச்சிருக்காங்க. 10ல ஆரம்பிக்கது அம்புட்டும், 172.16லேருந்து 172.31 வர, 192.168 பூராவும். 10ல மட்டுமே ஒரு கோடியே 67 லட்சத்துக்கு மேல முகவரி கெடக்கு. இருந்தும் பொட்டி விக்கவன் பாதிப் பேரு 192.168.1, இல்லாட்டி 192.168.0ன்னே போட்டு விக்கான். ஒங்க ஆபீஸ்காரனும் கடையில வாங்கினத அப்பிடியே மாட்டியிருக்கான். அவன மாத்தச் சொன்னா தை பொறந்துரும். நம்ம ரூட்டர்ல உள்ள போயி 192.168.77ன்னு மாத்து. எனக்கு இந்தப் பொட்டிய நல்லாத் தெரியும்லே, ஆடு களவு போன மறுநாள் தொழுவத்துக் கேமராவுக்கு என் கையாலயே முகவரி எழுதிப் போட்டவன் நான்.

அது மாறுற வரைக்கும் இன்னொண்ணும் கேட்டுக்கோ. சின்ன ஃபைல் தொறந்து பெருசு பாதியில நின்னா, அது வேற நோவு. ஒரு வண்டி 1500 பைட்டுன்னு வச்சிக்கோ. நம்ம லைன்காரன் பி.பி.பி.ஓ.இ.ன்னு 8 பைட்டத் தின்னுருதான், மிச்சம் 1492. அதுக்கு மேல நீ வி.பி.என். கோணிய வேற சுத்துத. ரயில் பாலத்துக்கு அடியில சைக்கிள்காரன் குனியாமப் போயிருவான், வைக்கோல் வண்டி மாட்டிக்கிடும். உசரத்தக் கொறன்னு பாலத்துக்காரன் ஒரு ஐ.சி.எம்.பி. சீட்டு எழுதி விடுவான், சில ஃபயர்வால் அதையும் கிழிச்சிப் போட்டுரும். வண்டிக்காரன் முட்டிக்கிட்டே நிப்பான். பிங்குல மைனஸ் எஃப், மைனஸ் எல் 1472ன்னு போட்டுப் பாரு. அதோட தலைச்சுமை 28 சேந்தா 1500. 1472 மாட்டி 1464 போச்சுன்னா நம்ம பாலம் 1492ன்னு அர்த்தம். வி.பி.என்.ல எம்.டி.யு.வ 1400, 1300ன்னு எறக்கிப் பாரு.

டீ குடிச்சிட்டு வாறதுக்குள்ள அந்துபோச்சுன்னா, ரூட்டரு அசந்துட்டுன்னு அர்த்தம். கொஞ்ச நேரம் பேச்சில்லன்னா யு.டி.பி. கணக்க அழிச்சிரும். 25 செகண்டுக்கு ஒருக்க செருமிக்கிட்டே இருக்கச் சொல்லு, வயர்கார்டுல அதுக்குன்னு கீப்அலைவ்னு ஒரு எடமே இருக்கு.

என்ன, தொறந்துட்டா? பெரிய ஃபைலுமா? பொறவென்ன. மேனேஜருக்குப் போனப் போட்டு, ஃபயர்வால் மேல சொன்ன பழிய மட்டும் வாபஸ் வாங்கிரு. அது பாட்டுக்கு செவனேன்னு இருந்தது.

ஏலே, நில்லு. டி.வி.யில தொழுவத்தக் காணும்? எட்டு ஆடு நின்னுச்சே, ஒண்ணையும் காணும், ஒரே கருப்பாக் கெடக்கு. நான் என்ன நம்பர் எழுதிப் போட்டேன் அதுக்கு... 192.168.1.50. அட சண்டாளா.

ஆச்சிய உசுப்பாத. அந்தக் கேமரா முதுகுலயும் ஒரு ஓட்ட இருக்கு. மாடத்துல வச்சியே சேஃப்டி பின்னு, அத இங்கன கொண்டா.