பின்மூடியைத் திறக்க அனுமதி கோரும் விண்ணப்பம்

பெறுநர்: உள்நாட்டு வாணிபம், வாழ்க்கைச் செலவின அமைச்சு, புத்ராஜெயா
அனுப்புநர்: பிரிக்பீல்ட்ஸ்வாசி ஒருவன்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

நலம், நலமறிய ஆவல். நலம் என்று எழுதியது என்னைப் பற்றி மட்டுமே. என் கைப்பேசிக்கு உடம்பு சரியில்லை. வீட்டில் நூறு விழுக்காடு காட்டுகிற பேட்டரி, கேஎல் சென்ட்ரல் போய்ச் சேர்வதற்குள் படுத்துவிடுகிறது. சேவை மையம் ஒன்றில் காட்டினேன். முகப்பில் இருந்த பிள்ளை போனைக் கையில் வாங்கக்கூட இல்லை. மாடல் பெயரைக் கேட்டுவிட்டு, "இதுக்கெல்லாம் இப்போ பார்ட்ஸ் வர்றதில்ல அங்கிள், டிரேட்-இன்ல புதுசு எடுத்துக்குங்க" என்றது.

ஆகவே, நான் காசு கொடுத்து வாங்கிய பொருளின் பின்மூடியைத் திறந்து, உள்ளிருக்கும் பேட்டரியை மாற்றிக்கொள்ளத் தங்கள் அனுமதி வேண்டி இந்த விண்ணப்பத்தைப் பணிவுடன் சமர்ப்பிக்கிறேன்.

தாங்கள் கண்ணும் கருத்துமான அமைச்சு என்பதில் எங்களுக்குச் சந்தேகமே கிடையாது. தீபாவளி நெருங்கினால் உங்கள் அமலாக்க அதிகாரிகள் கடை கடையாக ஏறி இறங்குகிறார்கள். தேங்காய், தக்காளி, பருப்பு என்று பெருநாள் கால உச்சவிலைப் பட்டியல் வருகிறது. விலைச்சீட்டு ஒட்டாத கடைக்காரருக்கு அபராதம். ஒரு கிலோ தக்காளிமேல் இவ்வளவு அக்கறை உள்ளவர்கள், ஆயிரக்கணக்கான வெள்ளி கொடுத்து வாங்கும் போனின் உதிரிபாகத்துக்கு விலைப்பட்டியலே இல்லாததைக் கவனிக்காமலா இருப்பீர்கள்? தக்காளி மூன்று நாளில் அழுகிவிடும், போன் மூன்று வருடம் தாங்கும், ஆக அதை நிதானமாகப் பார்க்கலாம் என்று முன்னுரிமை வகுத்திருப்பீர்கள். நிர்வாகம் என்றால் அப்படித்தான்.

சட்டம் இல்லை என்றும் யாரும் குறை சொல்ல முடியாது. 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் 37-ஆவது பிரிவு, சட்டகம் போட்டு மாட்டத் தக்கது. பொருளை விற்ற பிறகும் நியாயமான காலத்துக்கு அதைப் பழுதுபார்க்கும் வசதியும் உதிரிபாகமும் கிடைக்கும்படி தயாரிப்பாளரும் விற்பனையாளரும் நியாயமான நடவடிக்கை எடுப்பார்கள் என்று அது உத்தரவாதம் தருகிறது. மார்தட்டிக்கொள்ளலாம். ஆனால் தட்டிய கையை இறக்குவதற்குள் துணைப்பிரிவு (2) வந்துவிடுகிறது. "பழுதுபார்க்கும் வசதிக்கும் பாகத்துக்கும் நாங்கள் பொறுப்பில்லை" என்று விற்கும்போதோ அதற்கு முன்போ பயனீட்டாளருக்குத் தெரிவிக்க நியாயமான நடவடிக்கை எடுத்துவிட்டால் போதும், அந்த உத்தரவாதம் பொருந்தாது! ஒரே பிரிவுக்குள் கொடுத்து, ஒரே பிரிவுக்குள் திரும்ப வாங்கிக்கொண்ட அந்த வரைவாளருக்கு ஒரு டத்தோ பட்டம் கொடுத்திருக்க வேண்டும். (கொடுத்தும் இருக்கலாம்.) நியாயமான காலம் என்றால் எத்தனை வருடம் என்பதையும் சட்டம் சொல்லவில்லை. அதைச் சேவை மையத்துப் பிள்ளைதான் முடிவு செய்கிறது.

நாட்டின் பெருமையையும் கொஞ்சம் பேசுவோம். இன்டெல் 1972-இலேயே பினாங்குக்கு வந்துவிட்டது. இந்தப் பக்கம் சுங்கைவே வட்டாரத்திலும் தொழிற்சாலைகள் வந்தன. தோட்டத்திலிருந்து பஸ் ஏறிப்போன எங்கள் அக்காமார்கள் நுண்ணோக்கியில் கண்ணைப் பதித்து, முடியைவிட மெல்லிய கம்பியைச் சில்லுகளில் இணைத்தார்கள். இன்று உலகச் சில்லுகளைப் பொதிந்து சோதிக்கும் வேலையில் ஏறக்குறைய 13 விழுக்காடு மலேசியாவில் நடக்கிறது. அதே போன்களும் கணினிகளும் செத்த பிறகு என்ன ஆகின்றன? வேறு சரக்கு என்று பொய்ப் பெயர் சூட்டிக்கொண்டு கொள்கலனில் ஏறி இங்கேயே வருகின்றன. சில கிள்ளான் துறைமுகத்தில் பிடிபடுகின்றன. இத்தனைக்கும் மின்கழிவை 2005-ஆம் ஆண்டு விதிகளிலேயே அபாயக் கழிவுப் பட்டியலில் சேர்த்துவிட்டோம். ஆக, பிறந்த வீடும் இங்கே, சுடுகாடும் இங்கே. நடுவில் வாழ்கிற கொஞ்ச காலம் மட்டும் அதைத் திறந்து பார்க்க நமக்கு யோக்கியதை இல்லை.

ஜாலான் துன் சம்பந்தன் ஐந்தடியில் மேசை போட்டிருக்கும் தம்பியிடம் கேட்டேன். பேட்டரியை அரை மணி நேரத்தில் மாற்றிவிடுவாராம். அதற்குப் பிறகுதான் சிக்கல். சில நிறுவனங்களின் போன்கள் புதுப் பாகத்தோடு ஜாதகப் பொருத்தம் பார்க்கின்றன. அதே நிறுவனத்தின் அசல் பாகமாகவே இருந்தாலும், மென்பொருள் வழியாக முடிச்சுப் போடவில்லையென்றால் அடையாளம் தெரியாத பாகம் என்று திரையில் எச்சரிக்கை வரும். சில வசதிகள் முடங்கும். அந்த முடிச்சைப் போடும் புரோகிதர் யார் என்பதையும் நிறுவனமே தீர்மானிக்கிறது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் இந்த வழக்கத்துக்கு எதிராக 2024-இல் சட்டமே போட்டது. நாம் இன்னும் நல்ல நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

பாதுகாப்புக்காகத்தான் தடுக்கிறோம் என்று நிறுவனங்கள் உங்களிடம் சொல்லியிருக்கும். லித்தியம் பேட்டரி குத்துப்பட்டால் தீப்பிடிக்கும், உண்மைதான். அதனால்தான் அசல் பாகமும் செய்முறைக் கையேடும் கேட்கிறோம். இரண்டையும் பூட்டி வைத்துவிட்டு, போலி பேட்டரி வெடிக்கிறது பாருங்கள் என்று படம் காட்டுவது எந்த ஊர் நியாயம்?

எங்கள் வட்டாரத்தைப் பற்றி ஒன்றைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவர வேண்டும். மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இங்கேதான் இருக்கிறது. வெள்ளைக் கோலோடு நடப்பவர்கள் காதருகே போனை வைத்துக்கொண்டு போவதை இந்தத் தெருக்களில் தினமும் பார்க்கலாம். திரையில் உள்ளதை அது வாசித்துச் சொல்கிறது, அழைத்த வண்டியின் எண்ணைச் சொல்கிறது, கையில் இருப்பது எத்தனை வெள்ளி நோட்டு என்றும் சொல்கிறது. அவர்களிடம் போய், இரண்டு வாரம் விட்டுவிட்டுப் போங்கள், உள்ளே இருப்பதையெல்லாம் அழித்துவிடுவோம், கையெழுத்துப் போடுங்கள் என்று சொல்லிப் பாருங்கள். பக்கத்துத் தெருவில் அரை மணியில் முடிகிற வேலை அவர்களுக்கு வெறும் சௌகரியம் அல்ல.

வெளியூர்க் கதையையும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் விற்பனைக்கு வரும் கைப்பேசிகளுக்கு, அந்த மாடலின் விற்பனை நின்ற பிறகும் 7 ஆண்டுகள் முக்கிய உதிரிபாகங்கள் கிடைக்க வேண்டும். பாகத்தின் விலையை வெளிப்படையாகப் போட வேண்டும். பேட்டரி 800 முறை மின்னேற்றிய பிறகும் 80 விழுக்காடு தாங்க வேண்டும். இந்தியா 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் அரசு இணையவாசலைத் திறந்தது. ஐரோப்பாவில் விற்கிற அதே போன்தான் லோ யாட் பிளாசாவிலும் விற்கிறது. பாகத்தை எப்படியும் செய்து அடுக்கி வைக்கத்தான் போகிறார்கள். அதில் ஒரு பெட்டியைக் கிள்ளானிலும் இறக்கச் சொல்ல வேண்டியது மட்டும்தான் நம் வேலை.

அனுமதி தர இயலாவிட்டால், குறைந்தபட்சம் போன் பெட்டியின்மேல் இறக்கும் தேதியை மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் என நான்கு மொழியிலும் அச்சிட ஆணையிடுங்கள். எட்டாம் நாள், பதினாறாம் நாள் காரியங்களுக்கு நாங்கள் முன்கூட்டியே விடுப்பு எடுத்துக்கொள்வோம்.

அதுவும் முடியாதென்றால், துணைப்பிரிவு (2)-ஐ நீக்குங்கள். நியாயமான காலத்துக்கு ஓர் எண் கொடுங்கள். பாகத்துக்கு விலைச்சீட்டு ஒட்டச் சொல்லுங்கள். தக்காளிக்கு ஒட்டிய அனுபவம் உங்களுக்கு இருக்கிறது.

இப்படிக்கு,
பயனீட்டாளன்

நகல்: பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் வட்டாரத்து மக்களுக்கு. போன் வாங்கிய ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள். பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 50,000 வெள்ளிவரை கோரலாம்; பிரச்சினை எழுந்த மூன்று ஆண்டுக்குள் போக வேண்டும். அங்கே வழக்கறிஞர் வாதாட முடியாது, ஆகவே அந்தச் செலவும் இல்லை. மனுவுக்குக் கட்டணம் 5 வெள்ளி.