அத்தானின் மே மாதத் திட்டம்

தார் எஸ் சலாம்

அன்புள்ள அக்காவுக்கு,

அத்தான் அனுப்பிய சான்சிபார் பயணத் திட்டம் கிடைத்தது. காலை 6.15 காபியிலிருந்து இரவு 9.30 மாத்திரை வரை கட்டம் போட்டு நிரப்பியிருக்கிறார். ரயில்வேயிலிருந்து ரிட்டயர் ஆன மனுஷர் இன்னும் ரயிலை விட்டு இறங்கவில்லை. சில இடங்களில் கை வைத்திருக்கிறேன், நீதான் நல்ல நேரம் பார்த்துச் சொல்ல வேண்டும்.

முதலில் மே மாதத்தை அடித்துவிடு. பிள்ளைகளுக்கு லீவுதான். ஆனால் மார்ச் முதல் மே வரை இங்கே ‘மசிகா’, அடைமழைக் காலம். பல ஓட்டல்கள் கதவைச் சாத்திவிட்டுப் பெயிண்ட் அடிப்பதே அப்போதுதான். ‘ரூம் வாடகை பாதி’ என்று அத்தான் சிவப்பு மையில் அடிக்கோடு போட்டிருக்கிறாரே, அதன் சூட்சுமம் இதுதான். காலாண்டு லீவுக்கு வாருங்கள். வானம் வெறித்திருக்கும்.

அடுத்தது மணிக்கணக்கு. இங்கே பேச்சில் மணி சூரியன் உதித்த பிறகுதான் தொடங்கும். காலை ஏழு மணிக்கு ‘சா மோஜா’, அதாவது மணி ஒன்று. பூமத்திய ரேகை பக்கத்தில் இருப்பதால் வருஷம் முழுக்க ஆறு மணியை ஒட்டியே விடிந்துவிடுகிறது. அதனால் கணக்கு உதைப்பதில்லை. முள் ஏழில் நிற்கும், வாய் ஒன்று என்று சொல்லும், யாருக்கும் குழப்பம் இல்லை, நம்மைத் தவிர. எங்கள் ஆபீஸுக்குப் புதிதாக வந்தவர் புத்தகம் பார்த்து ஸ்வாஹிலி படித்து, காலை ஏழு மணிக்கு வரச்சொல்வதாக நினைத்து டாக்சிக்காரரிடம் ‘சா சபா’ என்றார். டாக்சி ஒரு நிமிஷம் பிசகாமல் பகல் ஒரு மணிக்கு வந்து நின்றது! ஜாதகத்தில் உதயாதி நாழிகை பார்க்கிற அத்தானுக்கு இது பிடிபட்டுவிடும். படகு டிக்கெட்டில் நம் மணிதான் அச்சடித்திருக்கும், பயப்பட வேண்டாம்.

தினமும் காலை பத்து மணிக்குக் கடல் குளியல் என்று போட்டிருக்கிறார். கடல் சம்மதிக்க வேண்டுமே! நீங்கள் பார்த்து வைத்திருக்கும் பாஜே கிழக்குக் கரையில் இருக்கிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி, பத்து மணிவாக்கில் தண்ணீர் வெகுதூரம் உள்வாங்கிவிடும். குளிக்கப் போனவர்கள் துண்டும் கையுமாகச் சேற்று மணலில் நடந்துகொண்டே இருக்கலாம். அந்த நேரம் அங்குள்ள பெண்களுக்கு வேலை நேரம். குச்சி நட்டு, கயிறு கட்டி, அதில் கடல்பாசி வளர்க்கிறார்கள். முழங்கால் தண்ணீரில் குனிந்து, முடிச்சு முடிச்சாக அவிழ்த்து மூட்டை கட்டி, சொட்டச் சொட்டத் தலையில் தூக்கிப் போவார்கள். பற்பசையைக் கெட்டியாக்கும் ஒரு பொருளை இந்தப் பாசியிலிருந்து எடுக்கிறார்கள். குளித்தே ஆகவேண்டும் என்றால் வடமுனையில் நுங்க்வி இருக்கிறது. அங்கே தண்ணீர் இந்த அளவுக்கு ஓடிப்போகாது.

‘ஸ்பைஸ் டூர்’ வேறு இருக்கிறது. அக்கா, போடியில் பிறந்துவிட்டு டாலர் கொடுத்து ஏலச்செடி பார்க்கப் போகிறாயா? வழிகாட்டி மிளகுக்கொடியைக் காட்டி ‘இது என்ன, கண்டுபிடியுங்கள்’ என்பார். அத்தான் பதில் சொல்லத் தொடங்கினால் அந்த ஆளுக்கு வேலை போய்விடும். கிராம்புக்காக வேண்டுமானால் போகலாம். கிராம்பு செழித்த இந்தத் தீவுக்குத்தான் ஓமான் சுல்தான் சயீத் 1840இல் மஸ்கட்டை விட்டுத் தலைநகரையே மாற்றிக்கொண்டார். அவர் காலத்துக் கிராம்புத் தோட்டங்களில் உழைத்தவர்கள் அடிமைகள். பழைய நகரமான ஸ்டோன் டவுனில் 1873இல் மூடப்பட்ட அடிமைச் சந்தை இருந்த இடத்தில் இப்போது தேவாலயம் நிற்கிறது. அதற்கு அத்தான் அரைமணி ஒதுக்கியிருக்கிறார், ஒரு காலைப்பொழுதாவது விடச்சொல். அந்த நேரத்தைத் திட்டத்தில் உள்ள ‘அதிசய மாளிகை’யிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். அதில் ஒரு பகுதி 2020 டிசம்பரில் இடிந்து விழுந்துவிட்டது.

சாப்பாட்டுக்குக் கவலை இல்லை. தேங்காய்ப்பால் சோறு, சப்பாத்தி, பிலாவ் எல்லாம் உண்டு. ‘விதும்புவா’ என்று அரிசிமாவில் ஒன்று சுடுகிறார்கள். குழிச்சட்டியைப் பார்த்ததுமே, ‘இது நம்ம பணியாரம்ல!’ என்பாய். ‘உரோஜோ’ என்று மாங்காய்ப் புளிப்போடு மஞ்சள் சாறு, அதில் பஜ்ஜி, உருளைக்கிழங்கு, மேலே மரவள்ளிச் சீவல். பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து, மூக்கு ஒழுக ஒழுகச் சாப்பிட வேண்டும்.

செலவில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. 2024 அக்டோபர் முதல் வெளிநாட்டுப் பயணிகள் சான்சிபார் அரசு இன்சூரன்ஸ் எடுத்தாக வேண்டும், பெரியவர்களுக்குத் தலைக்கு 44 டாலர். அத்தான் பெருமூச்சு விடுவார். உடனே, மெட்ராஸ் ஐஐடி 2023இல் அங்கே கிளை திறந்திருக்கிறது, பெரியவனுக்குச் சுற்றிக் காட்டலாம் என்று சொல். மூச்சு சீராகிவிடும்.

முறுக்கு, வடகம் எல்லாம் டப்பாவில் அல்லது துணிப்பையில் கொண்டு வா. கேரி பேக் இந்த நாட்டில் 2019 முதல் தடை. ரூம் வாடகை பேசுவதை என்னிடம் விட்டுவிடுங்கள். சுகம் விசாரிக்காமல் காரியம் பேசினால் இங்கே மரியாதைக் குறைவு. வீடு, வேலை, பிள்ளைகள், ராத்திரித் தூக்கம் என்று விசாரித்து முடிப்பதற்குள் அத்தானின் ஐஎஸ்டி பேலன்ஸ் தீர்ந்துவிடும்.

அன்புத் தம்பி