மைலுக்கு ஒரு வரி

அமெரிக்காவில் செயலி வழியாக வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பவர் ஊழியர் அல்லர், சுயதொழில் முதலாளி. காரும் பெட்ரோலும் அவர் செலவு. கணக்குப்பிள்ளை உத்தியோகமும் அவருக்கே, சம்பளமில்லாமல். 2025இல் தொழிலுக்காக ஓடிய மைலுக்கு 70 சென்ட் கழிவு தந்தது அந்நாட்டு வரித்துறையான ஐ.ஆர்.எஸ். ஆனால் தேதி, போன இடம், காரணம், தூரம் நான்கையும் சூட்டோடு சூடாகக் குறித்திருக்க வேண்டும். ஏப்ரலில் உட்கார்ந்து ஒரே பேனாவில் ஒரு வருஷத்தை எழுதினால் நோட்டே காட்டிக்கொடுத்துவிடும்.

‘போன்தான் அளக்கிறதே’ என்பார்கள். அளக்கும், போனது பர்கருக்கா, மச்சான் வீட்டுக்கா என்பது அதற்குத் தெரியாது. நிறுவனம் அனுப்பும் ஆண்டுக் கணக்கிலோ, அடுத்த ஆர்டர் தேடி வெறுங்காராக அலைந்த மைல் பெரும்பாலும் இருக்காது. ‘எழுபது சென்ட்டுக்கு இத்தனை பாடா?’ என்றால், 10,000 மைலுக்கு 7,000 டாலர். அது கைக்கு வராது, வரிக்குரிய வருமானத்தில் குறையும். 15.3 சதவீத சுயதொழில் வரியில் மட்டுமே ஏறத்தாழ ஆயிரம் டாலர் மிச்சம். டிப்ஸுக்குக் கதவே திறக்காத ஊரில், ஒழுங்காகக் கூலி கொடுப்பது அந்த நோட்டு ஒன்றுதான்.