அறிக்கைக்குச் சுகப்பிரசவம்

ஏழை நாடுகளில் தாய்மார்கள் ஏன் சாகிறார்கள் என்று கண்டுபிடிக்க இன்னொரு ஆய்வு வேண்டுமாம். அதற்கு மானியம் வேண்டுமாம். கிடைத்துவிடும், கவலை வேண்டாம்.

ஏன் சாகிறார்கள் என்பது நைஜீரியக் கிராமத்து மருத்துவச்சிக்குத் தெரியும். ரத்தப்போக்கு. வலிப்பு. கிருமித்தொற்று. 1987இல் நைரோபியில் கூடிய பாதுகாப்பான தாய்மை மாநாட்டுக்கும் தெரியும். ஆண்டுக்கு ஐந்து லட்சம் பெண்கள் சாகிறார்கள், 2000க்குள் பாதியாகக் குறைப்போம் என்றார்கள். 2000 வந்தது. பாதியாகவில்லை. வெட்கப்பட்டார்களா? இலக்கைப் பெரிதாக்கினார்கள். 2015க்குள் முக்கால் பங்கு குறைப்போம்! அதுவும் ஆகவில்லை. இப்போது 2030. ஒரு லட்சம் பிறப்புக்கு 70க்கும் கீழே. 2023இல் உலகக் கணக்கு 197. நைஜீரியாவில் 993. அந்த ஓராண்டில் அந்த ஒரு நாட்டில் மட்டும் சுமார் 75,000 பெண்கள். தேதியைத் தள்ளிவைப்பதில் மட்டும் இவர்கள் இலக்குத் தவறியதே இல்லை.

ரத்தப்போக்குக்கு ஆக்சிடோசின் ஊசி இருக்கிறது. விலை அற்பம். 2 முதல் 8 டிகிரிக் குளிரில் வைத்திருக்க வேண்டும். அது கேட்பது அவ்வளவுதான். குளிர்பெட்டி வேண்டும், பெட்டிக்கு மின்சாரம் வேண்டும். நைஜீரியாவில் வாங்கிய ஆக்சிடோசின் மாதிரிகளைச் சோதித்த ஆய்வொன்று 2018இல் வெளியானது. நாலில் மூன்று பங்கு தேறவில்லை. பெயருக்கு ஊசி, உள்ளே வீரியம் குறைவு.

உடனே குளிர்பெட்டி வாங்கியிருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள். மானிய உலகத்துக்கு நீங்கள் புதுசு. மின்சாரத்துக்கு ஜெனரேட்டரில் ஊற்றும் டீசலில் புதுமை இல்லை. குளிர்பெட்டியைப் படம் பிடித்தால் ஆண்டறிக்கையில் எடுபடாது. கைப்பேசிச் செயலி எடுபடும். வழிகாட்டிக் கையேடு எடுபடும். தலைநகரின் நட்சத்திர விடுதியில் மூன்று நாள் பயிலரங்கு நன்றாகவே எடுபடும்: தோள்பை, பேனா, பயணப்படி, மதியம் ஜொல்லாஃப் சோறு. சம்பள பாக்கியோடு வந்த மருத்துவச்சி குளிரூட்டிய அரங்கில் உட்கார்ந்து, ரத்தப்போக்கை நிறுத்துவது எப்படி என்று திரையில் படம் பார்க்கிறாள். வார்டில் அந்நேரம் ரத்தம் போய்க்கொண்டிருக்கிறது.

உருப்படியான ஆய்வே இல்லை என்று சொல்லவில்லை. பிரசவித்தவளுக்கு அடியில் அளவுக்கோடு போட்ட ஒரு பிளாஸ்டிக் விரிப்பு. ரத்தம் கோட்டைத் தாண்டினால் உடனே எல்லாச் சிகிச்சையையும் ஒன்றாகத் தொடங்கு. நான்கு ஆப்பிரிக்க நாடுகளில் செய்து பார்த்தார்கள். மோசமான ரத்தப்போக்கும் அதன் விளைவுகளும் 60 சதவீதம் குறைந்தன. 2023இல் உலகமே கைதட்டியது. அந்த விரிப்பு இன்று எத்தனை பிரசவ அறைகளில் இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். அதற்கும் ஓர் ஆய்வுக்குழு அமைப்பார்கள்.

பணம் எங்கே போகிறது? அமெரிக்க அரசின் ஆய்வு மானியத்தில், நேரடிச் செலவுக்கு மேல், கட்டடம், மின்சாரம், அலுவலகம் என்று ‘மறைமுகச் செலவு’ உண்டு. ஹார்வர்டுக்குப் பேசி முடித்த வீதம் 69 சதவீதம். அதே மானியத்தில் வேலை செய்யும் ஆப்பிரிக்க மருத்துவமனைக்கு? பல ஆண்டுகளாக 8. கரண்ட் போகாத ஊருக்கு 69. கரண்டே வராத ஊருக்கு 8. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி தட்டைக் காலிசெய்துவிட்டார்.

உள்ளூர்ப் பெரியமனிதர்களை மறந்துவிட்டால் பாவம், கோபித்துக்கொள்வார்கள். வரவுசெலவில் 15 சதவீதம் சுகாதாரத்துக்கு என்று 2001இல் ஆப்பிரிக்கத் தலைவர்கள் உறுதிமொழி எடுத்தார்கள். எடுத்த இடம் அபுஜா. நைஜீரியாவின் சொந்தத் தலைநகரம். இதுவரை ஒருமுறைகூட அந்த நாடு அதை எட்டவில்லை. ஆனால் 2023இல் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு ஆளுக்கொரு சொகுசு வண்டி வந்தது, ஒன்று சுமார் 16 கோடி நைரா. அடுத்த ஆண்டு ஜனாதிபதிக்கு விமானம் வந்தது. பிரசவ வலி வந்தவளுக்கு இன்னும் மோட்டார் சைக்கிள் பின்சீட்டு.

கொடுத்தவர்களும் சலித்துப்போனார்கள். 2025 ஜனவரி 20, வாஷிங்டனில் ஒரு கையெழுத்து. வெளிநாட்டு உதவி 90 நாள் நிறுத்தம், பரிசீலனைக்காக. எந்தக் கர்ப்பத்தை 90 நாள் நிறுத்திவைப்பது? ஜூலை 1 அன்று அமெரிக்காவின் வெளிநாட்டு உதவி நிறுவனமான யுஎஸ்எய்டின் கதவே மூடப்பட்டது. மானியம் வாங்கக் கட்டுக்கட்டாய்ப் படிவம், மூன்று மாதத்துக்கொரு அறிக்கை, ஒவ்வொரு பேனாவுக்கும் ரசீது. நிறுத்த ஒரு பேனா போதும்.

வழி தெரியாமல் இல்லை. இலங்கை பணக்கார நாடாகும்வரை காத்திருக்கவில்லை. ஊருக்கு ஊர் மருத்துவமாதுகளைப் பயிற்றுவித்து அரசே வேலையில் வைத்தது. தாய் மரணம் சரிந்தது. உலக வங்கி 2003இல் அதைப் புத்தகமாகவே போட்டது. அலமாரியில் இருக்கும், தூசி தட்டிப் பார்க்கலாம்.

அடுத்த மாநாட்டுக்கு அழைப்பிதழ் அச்சடிக்கும் கனவான்களே, மருத்துவச்சியின் சம்பள பாக்கியை முதலில் கொடுங்கள். குளிர்பெட்டிக்கு மின்சாரம் கொடுங்கள். மிச்சமிருந்தால் பயிலரங்கு நடத்துங்கள். சோறு வீட்டிலிருந்து கொண்டுவாருங்கள்.