அலக்கியல்: முருங்கைக் கிளையை முன்வைத்து ஓர் ஆய்வு

உயரத்துக் கிளையைத் தரையில் நின்றபடியே வெட்ட உதவும் அலக்கு என்னும் கருவியை எவ்வாறு தெரிவு செய்வது என்பதே இக்கட்டுரையின் ஆய்வுப் பொருள். முன்னோர் ஆய்வுகள் பற்றி ஓர் இயல் எழுதுவது மரபு. முன்னோர் ஆய்வுகள் எதுவும் என் கண்ணில் படவில்லை. இயல் முற்றிற்று.

கருவியின் பழமைக்கு வருவோம். அகழாய்வுக் குழி எதிலும் முழு அலக்கு ஒன்று கிடைத்ததாக நான் படித்ததில்லை. மூங்கில் மண்ணில் மக்கிவிடும். ஆகவே கிடைக்காமையே அது இருந்தமைக்கு வலுவான சான்று என்க. இந்த வாத முறை என் கண்டுபிடிப்பு அன்று. கருத்தரங்குகளில் மதிய உணவுக்குப் பிந்தைய அமர்வுகளில் தாராளமாகக் கிடைக்கிறது. தெற்கே தொரட்டி, யாழ்ப்பாணத்தில் கொக்கத்தடி என்று பெயர் மாறினும் மேலே பார்த்துப் பார்த்துக் கழுத்து வலிப்பது எல்லா வட்டாரத்துக்கும் பொது.

கருவி நால்வகைப்படும். முதலாவது கொக்கி. முருங்கைக்காய் பறிக்க இது போதும். மென்மையான கட்டை என்பதால் முருங்கையில் ஆள் ஏறினால் கிளையோடு இறங்க வேண்டியிருக்கும். எனவே அம்மரத்துக்கும் அலக்குக்கும் உள்ள உறவு தொன்மையானது. கிட்டே நிற்கும் கிளையை விட்டு எட்டத்துக் கிளையை மாட்டி இழுப்பது கொக்கியின் இயல்பு. உரையாசிரியருள் நச்சினார்க்கினியர் இதில் வல்லவர். பத்துப்பாட்டில் எங்கோ கிடக்கும் சொல்லை மாட்டி, பல அடி தள்ளியுள்ள சொல்லோடு சேர்த்துவிடுவார். அவர் கையில் நீளமான கம்பு இருந்திருக்கிறது.

இரண்டாவது அரிவாள் கட்டியது. ஆட்டுக்கு வேப்பங்குழை ஒடிக்க உகந்தது. விரல் பருமனுக்கு மேல் போனால் கிளையிலேயே கவ்விக்கொண்டு நிற்கும்.

மூன்றாவது மோட்டார் வைத்தது. பக்கத்து வீட்டாருக்குத் தெரியாமல் வெட்ட முடியாது.

நான்காவது ரம்பம். மணிக்கட்டுப் பருமன் கிளைக்கு இதுவே வழி. கடையில் நிறத்தையும் விலையையும் பார்க்குமுன் பல்லைப் பார்க்கவும். பற்கள் பிடிப்பவரை நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். அப்போதுதான் இழுக்கும்போது அறுக்கும். ரம்பத்தின் எடையும் நம் பக்கம் சேரும். தள்ளும்போது அறுப்பதை வாங்கினால் நீளக் கம்பு வில்லாக வளையும், கிளை சும்மா ஆடும். அலகு வளைந்திருந்தால் கிளையை விட்டு நழுவாது.

இனி நீளம். இங்கேதான் அறிஞரிடையே பெரும்பிணக்கு. எந்தக் கம்பை வாங்கினாலும் கிளைக்கும் ரம்பத்துக்கும் இடையே ஒரு சாண் குறையும் என்பது அலக்கியலின் முதல் விதி (மாடிவீட்டு மாமி, வாய்மொழி). குறையும் சாணை எவ்வாறு ஈடுகட்டுவது என்பதில் மூன்று பள்ளிகள் உள. நுனிக்கால் பள்ளியினர் குதிகாலைத் தூக்குவர் (மேற்படி மாமி, பால்கனிப் பதிப்பு, திருத்தியது). நாற்காலிப் பள்ளியினர் கால் ஒன்று விரிந்த பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து, கீழே ஒருவரைப் பிடிக்கச் சொல்வர். பிடிப்பவர் மேலே பார்ப்பதால் கண்ணில் தூசி விழும், கண்ணைக் கசக்கும்போது கையை விடுவார் (எதிர்வீட்டு அண்ணாச்சி, 'விட்ட கை', செவிவழிச் செய்தி, தெருமுனைத் தொகுதி, மூன்றாம் பாகம், முதலிரு பாகங்களைக் கரையான் அரித்தது). மதில் பள்ளியினரைப் பற்றிய குறிப்புகள் அனைத்தும் எலும்பு மருத்துவர் எழுதியவை. கையெழுத்து விளங்காமையால் அவை இன்னும் பதிப்பிக்கப்படவில்லை (ஒப்பிடுக: மருந்துக் கடைக்காரரின் உரை, உரைக்கு அவர் மைத்துனர் எழுதிய விளக்கம், விளக்கத்துக்கு மாமி தெரிவித்த மறுப்பு).

மூன்று பள்ளியும் தவறு. தரையில் நின்று வெட்டுவதற்காகவே காசு கொடுத்துக் கம்பு வாங்கிவிட்டு, அதன்பின் நாற்காலியில் ஏறுவானேன்? கிளைக்கு நேர் கீழே நிற்கவும் கூடாது. அறுந்தது தலையில் விழும். தள்ளி நின்றால் கம்பு சாயும், சாய்ந்தால் உயரம் குறையும். 12 அடிக் கம்பைத் தரைக்கு 60 பாகையில் சாய்த்தால் கிடைப்பது 10.4 அடி, மார்பளவு 4 அடியைக் கூட்டினால் 14 அடிக்குச் சற்று மேல் எட்டும். குறையும் சாண் எங்கே போனதென்று இப்போது புலப்படும். அதற்காக 20 அடிக் கம்பு வாங்கப் புறப்படாதீர்கள். நீளம் கூடக் கூட நுனி ஆடும், தோள் ஓயும்.

வெட்டும் முறை பற்றிச் சிறிது. முதலில் அடிமரத்திலிருந்து சற்றுத் தள்ளி, கிளையின் கீழ்ப்புறத்தில் கொஞ்சம் அறுக்கவும். அடுத்து அதற்கும் வெளியே மேலிருந்து அறுத்தால், கிளை பட்டையை உரித்துக்கொண்டு போகாமல் விழும். மிஞ்சிய கட்டையை மூன்றாவதாக எடுக்கவும். அதையும் அடிமரத்தோடு ஒட்ட மழிக்கக் கூடாது. கிளை புறப்படும் இடத்தில் தடித்த வளையம் போல இருக்கும். அதை விட்டு வெட்டினால் மரம் புண்ணைத் தானே மூடிக்கொள்ளும். இதை வலியுறுத்தியவர் அமெரிக்க வனத்துறையில் பணியாற்றிய அலெக்ஸ் ஷைகோ. 1959இல் பணியில் சேர்ந்து, ரம்பத்தை எடுத்து மரங்களை நெடுக்காகப் பிளந்து உள்ளே பார்த்தார். ஆய்வாளர் ஒருவர் ஆய்வுப் பொருளை நேரில் போய்ப் பார்த்தார் என்பது துறையில் பலருக்கு இன்றும் நம்பச் சிரமமான செய்தி.

எஞ்சியது கம்பு எதனால் ஆனது என்பது. அலுமினியம் இலேசு, துருப்பிடிக்காது, ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி நீட்டலாம். மின்சாரம் எந்த உரையாசிரியர் துணையுமின்றி அதில் நேராகக் கைக்கு வந்துசேரும். தெருவோரம் போகும் கம்பியில் 11,000 வோல்ட் இருக்கலாம். கண்ணாடியிழைக் கம்பு மேல். அதுவும் காய்ந்து, துடைத்த நிலையில் இருக்கும்வரைதான். பச்சை மூங்கில் காப்பாற்றும் என்பது ஆதாரமற்ற நம்பிக்கை, ஈரம் இருந்தால் அதுவும் மின்சாரத்தைக் கடத்தும்.

கிளைக்கு அருகில் கம்பி போகிறதென்றால் மேற்கண்ட நால்வகையும் உங்களுக்கு ஆகாது. அலக்கைச் சுவரில் சாத்திவிட்டுத் தமிழ்நாட்டு மின்வாரியத்தின் 'மின்னகம்' சேவை மையத்தை அழையுங்கள்: 94987 94987.